செத்தண்ணன் நிறுத்திய முகூர்த்தம்

ஐயர், நாயனக்காரர், மாப்பிள்ளை, மாமியார் ஆகிய நாலு பேரையும் ஒரே நேரத்தில் வாயடைத்து நிற்க வைத்த மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு செத்தண்ணன். அந்தச் சாதனையை அவர் நிகழ்த்தியது என் கல்யாணத்தில் என்பதால், அதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். எங்கள் திண்டுக்கல் பக்கம் 'செத்த' என்றால் 'கொஞ்சம்' என்று அர்த்தம். செத்த நேரம் பொறு, செத்த தள்ளி உட்காரு, செத்த வாயை மூடு. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவோம், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

செத்தண்ணனுக்குத் தொழில் கல்யாண போட்டோ. உயிர் மட்டும் பட்டாம்பூச்சியில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு அவருடைய ஸ்டூடியோ. போர்டில் சொந்தப் பெயரைப் பெரிய எழுத்தில்தான் போட்டிருக்கிறார்; தெருவில் ஒருத்தரும் இதுவரை படித்ததில்லை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஸ்கூட்டரில் கேமராவை மாட்டிக்கொண்டு சிறுமலை அடிவாரம், கண்மாய்க்கரை, கொய்யாத்தோப்பு என்று கிளம்பிவிடுவார். முகூர்த்தம் உள்ள நாட்களிலும் சில சமயம் கிளம்பிவிடுவார். சிக்கல் அங்கேதான்.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டி, பந்தி முடிந்து, எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் இவர் வாய்க்கால் பக்கம் போயிருக்கிறார். ஈரச் சேற்றில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கூட்டம் பட்டாம்பூச்சி உட்கார்ந்து உப்புத்தண்ணி உறிஞ்சிக்கொண்டிருந்தது. இவர் கல்யாண வீட்டு வெள்ளைச் சட்டையோடு அப்படியே சேற்றில் குப்புறப் படுத்துவிட்டார். ஒரு மணி நேரம் அசைவே இல்லை. அந்த வழியாக வந்த இரண்டு விவசாயிகள் பார்த்துப் பயந்துபோனார்கள்.

"ஏனுங்க..." என்றார் ஒருவர். பதில் இல்லை. "ஏனுங்க, உசுரோட இருக்கீங்களா?"

சரியாக அந்த நேரம் ஒரு பட்டாம்பூச்சி பறக்கலாமா என்று சிறகைத் தூக்கியது. இவர் அதைப் பார்த்து, உதடு அசையாமல், "செத்த இருங்க" என்றார்.

கேட்டவர் பக்கத்தில் நின்றவரிடம் பவ்யமாகச் சொன்னார்: "செத்துட்டாராமுங்க. நம்மளை இருக்கச் சொல்றாரு."

அவர்களும் மரியாதைக்கு இருந்தார்கள். அரை மணியில் பாதி ஊர் வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் மாலையும் வாங்கி வந்துவிட்டார். வேலை முடிந்து சேற்றோடு எழுந்த மனிதர், சும்மா போகிறதே என்று மாலையையும் வாங்கி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் செத்தண்ணன்.

இந்தக் கதையில் அந்த 'ங்க'வை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செத்தண்ணன் மனிதர்களுக்கு மரியாதை கொடுத்து நான் கேட்டதில்லை. நான் ஸ்டூடியோவில் இருந்த ஒரு நாள், பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்தார். "ஏலே, தாவாங்கட்டையச் செத்தத் தூக்கு. அம்புட்டு வேணாம். எறக்குலே" என்றார். அதிகாரி இறக்கினார். அதே நேரம் சுவரில் ஒரு பல்லி ஓடியது. அதனிடம், "செத்த அந்தப் பக்கம் போயிக்கங்க, வெளிச்சம் அடிக்கும்" என்றார். அதிகாரி என்னையும் பல்லியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏண்ணே, மனுசனுக்கு ஏலே, பல்லிக்கு ங்கவா?" என்று நான் ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"ஏ புள்ள, மனுசன் கண்ண மூடிட்டான்னா திரும்ப சிரிக்கச் சொல்லலாம். அது திரும்ப வருமா? யாரு திரும்ப வர மாட்டாகளோ அவுகளுக்குத்தான் மரியாத."

அவரிடம் வாதாடப் போய் ஜெயித்து வந்தவர்கள் தெருவில் யாரும் இல்லை.

பட்டாம்பூச்சியைப் பற்றிப் பேசும்போது கல்யாண பாஷைதான் வரும். புழு இலை தின்றுகொண்டிருந்தால், "மாப்ள வீட்டு ஆளு, பந்தியில இருக்காக" என்பார். அது கூட்டுப்புழுவாகித் தொங்கினால், "பொண்ணு அலங்காரத்துல இருக்கு, கதவத் தட்டாத." கூடு வெடித்துப் பட்டாம்பூச்சி தலையை நீட்டுகிற அந்த ஒரு நொடிக்கு அவர் வைத்த பெயர், முகூர்த்தம்.

அலங்காரமும் அவருக்குக் கம்மியில்லை. பூச்சிகள் மனிதச் சட்டையைப் பார்த்துத்தான் பயப்படுகின்றன என்று ஒரு நாள் முடிவுக்கு வந்தார். சின்னாளப்பட்டிக்குப் போய்ப் பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை ஒன்றை வாங்கி, முழுக்கைச் சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டார். "தூரத்துல பாத்தா பூத்த செடின்னு நெனைக்கும்ல" என்றார். தெருவில் நாங்கள் நினைத்தது வேறு. பூச்சிகள் என்ன நினைத்தன என்று தெரியாது. ஆடுகள் செடி என்றே நினைத்தன.

அதற்கு அய்யலூர் சந்தையே சாட்சி. ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு கொடி இருக்கிறது. ஒரு வகைப் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும். பெயரில் இருப்பது உண்மையா என்று சோதிக்க, செத்தண்ணன் கொடியை ஒரு கட்டு அறுத்துக்கொண்டு ஆட்டுச்சந்தைக்கே போய்விட்டார். வரிசையாக ஒவ்வொரு ஆட்டிடமும் நீட்டினார். ஒன்றுகூடத் தொடவில்லை. பரம சந்தோஷத்தில் திரும்பியவரைப் பின்னாலிருந்து ஒரு கிடா இழுத்தது. கொடியை முகர்ந்தும் பார்க்காத கிடா, சுங்குடிச் சட்டையின் முதுகை முழுசாகத் தின்றிருந்தது. வியாபாரி ஓடிவந்து, "ஏப்பா, என் கிடாவுக்கு ஏதாச்சும் ஆனா நீதான் பொறுப்பு!" என்று சத்தம் போட்டார். இவரோ கிடாவின் கழுத்தைத் தடவி, "மெதுவா மெல்லுங்க, சாயம் கொஞ்சம் கசக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்து அதே புள்ளியில் இன்னொரு சட்டை தைத்துக்கொண்டார்.

இப்படி எத்தனையோ படம் எடுத்தவருக்கு, ஒரே ஒரு படம்தான் சிக்கவில்லை. எலுமிச்சை அழகி என்கிற பட்டாம்பூச்சியின் முகூர்த்தம். கூடு கறுத்துவிட்டால் மறுநாள் காலை வெடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எந்த நிமிஷம் என்பது அதற்கு மட்டும்தான் தெரியும். முதல் தடவை நாலு மணி நேரம் காத்திருந்து, சரியாக அந்த நொடியில் தும்மினார். இரண்டாம் தடவை டீக்கடைக்காரர் வடையை நீட்டினார். வாங்கத் திரும்பிய கண்தான், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாம் தடவை கேமராவில் சார்ஜ் இல்லை. "பொறந்த ஒடனே ஒலகத்தப் பாக்குற மொத மொகம்யா அது. அத ஒரு தடவ புடிச்சுட்டேன்னா போதும்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கும் அவருக்கும் தினம் சாயங்காலம் சேர்ந்து டீ குடித்தே ஆக வேண்டும். அப்படி ஒரு சிநேகம்.

எனக்குச் சென்னையில் வரன் அமைந்தது. ஏற்பாடுகள் பற்றிப் போனில் பேசும்போது என் வருங்கால மாமியார், "போட்டோவுக்கு யாரு?" என்று கேட்டார்.

அப்பா பெருமையாகச் சொன்னார்: "அதுக்கு நம்ம செத்தண்ணன் இருக்காருல்ல!"

அவர் மெதுவாகக் கேட்டார்: "இருக்காரா?"

"இருக்காரு, இருக்காரு. செத்தண்ணன் வந்தாத்தான் கல்யாணமே களை கட்டும்."

அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, நான்தான் அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். அத்தை கடைசியில், "சரிம்மா, மேடையில மட்டும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நாங்களும் ஒப்புக்கொண்டோம். பெயரைத்தான் கூப்பிடக் கூடாது என்றார். அந்தப் பெயர்க்காரர் வாயைத் திறப்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், எங்கள் வீட்டு எலுமிச்சைச் செடியில் தொங்கிய கூடு கறுத்துவிட்டது. செத்தண்ணன் வாசலில் நின்று செடியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி செடியைப் பார்க்கிறார். "ஒரே நாள்ல ரெண்டு முகூர்த்தத்த வச்சுட்டாகளே" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. அப்பாதான் மனம் இளகி, கிளையை வெட்டிக்கொள்ளச் சொன்னார். அவர் அதை ஒரு பாட்டிலில் செருகி மண்டபத்துக்கே கொண்டு வந்து, மணவறைக்கு இடது பக்கம் வாழைமரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தார். என் உறவுக்காரர்கள் அதையும் ஏதோ சடங்கு என்று நினைத்துக் குங்குமம் வைத்தார்கள்.

விடிந்தது. மேடையில் உட்கார்ந்தோம். ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். மாப்பிள்ளை தாலியை எடுத்து என் கழுத்துக்கு அருகில் கொண்டு வந்துவிட்டார். அப்போது, மேளச்சத்தத்தையும் மீறி ஒரு குரல் அலறியது.

"செத்த இருங்க!"

உள்ளூர் ஐயர், போட்டோக்காரருக்கு ஏதோ அவகாசம் வேண்டும் போல என்று கையை உயர்த்திவிட்டார். மேளம் நின்றது. நாயனம் பாதிச் சுரத்தில் தொங்கியது. மாப்பிள்ளை தாலியும் கையுமாக உறைந்துவிட்டார். அந்த நிசப்தத்தில் என் மாமியார் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்னது? செத்தவா? தாலி கட்டுற நேரத்துல செத்தவா!"

என் சித்தி சமாதானம் செய்ய ஓடினார். "செத்தன்னா செத்தது இல்லீங்க சம்பந்தி. செத்தன்னா செத்த நேரம். அதாவது, செத்த..." விளக்கத்தில் இன்னும் நாலு தடவை அந்த வார்த்தை விழுந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்து அவசரமாகத் தலையாட்டினார். மேளம் மறுபடி முழங்கியது. தாலி ஏறியது. கேமரா மின்னியது.

அட்சதை விழுந்து முடிந்து பார்த்தால், செத்தண்ணன் அந்த எலுமிச்சைக் கிளை முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கூடு திறந்திருந்தது. புத்தம்புதுப் பட்டாம்பூச்சி ஒன்று கசங்கிய சிறகோடு தொங்கிக்கொண்டிருந்தது. அத்தைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"ஒரு பூச்சியப் படம் எடுக்கவா என் புள்ள கல்யாணத்த நிறுத்தினாரு?"

செத்தண்ணன் எழுந்து வாயைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். அப்பா அன்றோடு சாயங்கால டீயை நிறுத்தினார். தெருவில் இரண்டு கல்யாணம் அவர் கையை விட்டுப் போனது. சென்னையில் பால் பொங்கி வழிந்தாலும், கேஸ் வரத் தாமதமானாலும், அத்தை பெருமூச்சு விட்டு, "அன்னிக்கு அந்த மனுஷன் சொன்ன வார்த்தை" என்பார். வீடியோவில் வேறு அது தெள்ளத்தெளிவாகப் பதிவாகியிருந்தது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் போட்டுக் காட்டினார். எனக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான். ஆனால் ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தைப் பார்க்கிறபோதெல்லாம் கோபம் நிற்காது. அப்படி ஒரு படம். தாலி முடிச்சு துல்லியமாகத் தெரியும். பின்னால் வாய் திறந்த மாமியார், கடிகாரம் பார்க்கும் ஐயர், திருதிருவென விழிக்கும் மாப்பிள்ளை. நான் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஒன்பது வருஷம் ஓடியது. அப்பாவும் அந்த டீயைத் திரும்பக் குடிக்காமலேயே போய்ச் சேர்ந்தார். வங்கியில் வேலை பார்க்கும் என் கணவருக்குத் திண்டுக்கல்லுக்கே மாற்றல் வந்தது. நாங்கள் அதே தெருவுக்குக் குடிவந்தோம், அத்தையும்தான். ஆறு மாதத்தில் அத்தை சந்தையில், "இன்னிக்கு வெஞ்சனத்துக்கு என்ன வாங்கலாம்?" என்று கூட்டு, பொரியலுக்கு எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லியே கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டார். 'செத்த' மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

ஒரு நாள் ஏதோ விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனேன். செத்தண்ணன் கொஞ்சம் நரைத்திருந்தார், அதே சுங்குடி. "ஏ புள்ள, தாவாங்கட்டையத் தூக்கு" என்றார். சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சிப் படங்கள். நான் தேடிய படம் மட்டும் இல்லை.

"எங்கண்ணே? என் கல்யாணத்த நிறுத்தி ஒரு படம் எடுத்தீகளே, அதக் காட்டுங்க."

"எந்தப் படம்?"

"கூடு வெடிக்கிற படம்."

"அத எங்க எடுத்தேன்? அது வெளிய வரும்போது நான் ஒன் கழுத்தத்தான பாத்துக்கிட்டு நின்னேன். தாலி முடிச்சு எம்புட்டுத் தெளிவா விழுந்துருக்கு, பாக்கலயா?"

"அப்புறம் எதுக்குண்ணே எங்களச் செத்த இருங்கன்னீக?"

அவர் கேமராவைக் கீழே வைத்தார். "ஒங்களயா? ஏ புள்ள, நான் ஒங்கள என்னைக்கு 'ங்க' போட்டேன்?"

எனக்குச் சுரீரென்றது. பாலசமுத்திரம் கதையைப் பத்து வயதிலிருந்து சொல்லிச் சிரித்தவள் நான்.

"ஓரக்கண்ணுல பாக்குறேன், கூடு விரியுது. இந்தப் பக்கம் கெட்டிமேளம். அவுககிட்டதான் கெஞ்சுனேன், தாலி ஏறுற வரைக்கும் செத்த இருங்கன்னு. அவுக இருக்கல. நீங்கள்லாம் இருந்துட்டீக."

"அப்பவே சொல்லிருக்கலாம்லண்ணே?"

"ஒன் மாமியா அம்புட்டுக் கோவத்துல நிக்குது. அங்க போயி, நான் பூச்சிகிட்டப் பேசுனேன்னு சொன்னா? கிறுக்கன மேடையில ஏத்திட்டாருன்னு ஒங்கப்பன் மானம்ல போயிருக்கும். சொன்னா எனக்கு மட்டுந்தான் நல்லது, ஒங்கப்பனுக்கு இல்ல. அதான் சொல்லல."

அன்று சாயங்காலம் அழுதுகொண்டே அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அந்தப் படம்?" என்று கேட்டார் அத்தை.

"இன்னும் எடுக்கல அத்தை."

மறுநாள் அத்தை நர்சரிக்குப் போய் ஒரு எலுமிச்சைச் செடி வாங்கி வந்தார். ஊறுகாய்க்கு என்றார். ஊறுகாய் போடுகிற யாரும் தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. முதலில் வந்த புழுவைக் காக்கா எச்சம் என்று நினைத்துக் கழுவப் போனவர், அது நகர்ந்ததும் சொம்போடு நின்றுவிட்டார். பிறகு அதற்குப் பக்கத்து வீட்டுக் கோழியிடமிருந்து காவல் வேறு. புழு தின்றது, பருத்தது, தொங்கியது. போன மாதம் ஒரு சாயங்காலம் கூடு கறுத்தது.

காலை ஆறரைக்குச் செத்தண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் நாயனம் கேட்டது.

"அண்ணே, எங்க வீட்டுல பொண்ணு ரெடி!"

அவர் மெல்ல, "இங்க இன்னும் தாலி கட்டல புள்ள. கட்டி முடிச்சதும் வாரேன். அதுக்குள்ள வெடிச்சுருச்சுன்னா... நீயாச்சும் நல்லாப் பாத்துக்க" என்றார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "அதுதான் சரி, தாலியை விட்டுட்டு வரக் கூடாது" என்றார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு செடி முன்னால் போய்க் குனிந்தார். ஒன்பது வருஷமாக அவர் வீட்டில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை அது. கூட்டைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னார்:

"செத்த இருங்கம்மா. அங்க தாலி கட்டி முடிஞ்சதும் அவரு வந்துடுவாரு."

என்ன ஆச்சரியமோ, இருந்தது. எட்டு மணி சுமாருக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. நெற்றியில் கல்யாண வீட்டுச் சந்தனம், உடம்பில் சுங்குடி. வந்த வேகத்தில் தரையில் குப்புறப் படுத்தார். கால் மணி நேரம் நாங்கள் மூச்சு விடவில்லை. கூடு மெல்ல விரிந்தது. தலை வந்தது. கேமரா க்ளிக், க்ளிக் என்றது. பிறகு செத்தண்ணன் முகத்தைத் தரையில் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எழுந்து உட்கார்ந்தவருக்கு அத்தை காபி கொண்டு வந்தார். "அன்னிக்குத் தப்பாப் பேசிட்டேன்" என்று ஆரம்பித்தார். செத்தண்ணன் காபியை வாங்கவில்லை. கேமராவைத் தூக்கினார். என் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் ஒரு மனிதப் பிறவியைப் பார்த்துச் சொன்னார்:

"செத்த இருங்கம்மா. அந்தக் காபியோட அப்படியே நில்லுங்க."

அத்தை கண் இமைக்காமல் நின்றார். அந்தப் படமும் பட்டாம்பூச்சிப் படமும் இப்போது ஸ்டூடியோவில் அடுத்தடுத்து மாட்டியிருக்கின்றன.

எனக்கு மட்டும் அவரிடமிருந்து இன்னும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. "ஏ புள்ள, வெளிச்சத்த மறைக்காத, தள்ளு" என்கிறார். தள்ளி நிற்கிறேன். நீங்க மட்டும் செத்த நேரம் இல்லண்ணே, ரொம்ப நாளைக்கு இருங்க.